புள்ளி பெறாத எழுத்து: கொல்லத்து வார்ப்பெழுத்தின் வரலாறு

அச்சேறிய முதல் தமிழ் நூல் எது என்னும் வினாவிற்குத் 'தம்பிரான் வணக்கம்' என விடை கூறாத தமிழ் மாணவர் இன்று அரியர். 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற, பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூல் அது. நூலின் பெயரும் ஆண்டும் தேர்வுக்குரிய செய்திகளாய்ப் பரவிவிட்டன. அந்நூலைத் தாங்கிய எழுத்து எத்தகையது, அதனை வார்த்தவர் யாவர், அது எவ்வடிவைப் பின்பற்றியது, பின்னர் என்னவாயிற்று என்பன அவ்வளவாகப் பேசப்பெறவில்லை. இலக்கிய வரலாறு நூல்களைப் பற்றியே கேட்கும். எழுத்துகளைப் பற்றிக் கேட்பது அதன் வழக்கமன்று.

ஆயினும் அந்நூலை உருவாக்கியோர் தம் எழுத்தைப் பற்றிப் பெருமிதம் கொண்டிருந்தனர் என்பதற்கு நூலே சான்றாகும். அதன் இறுதிப் பக்கத்தில் இருவகை எழுத்துகளின் மாதிரிகள் தரப்பட்டுள்ளன. ஒன்று 1577இல் கோவாவில் உருவாக்கப்பட்டது. மற்றொன்று 1578இல் கொல்லத்தில் உருவாக்கப்பட்டது. சமய போதனை நூலொன்றின் முடிவில் எழுத்துகளைக் காட்சிக்கு வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. தாம் செய்து முடித்த அரிய வேலையைப் பின்வருவோர் காண வேண்டும் என்னும் விருப்பமே அப்பக்கத்திற்குக் காரணம் எனலாம். அப்பக்கத்திலிருந்து தொடங்கிக் கொல்லத்து எழுத்தின் கதையை ஆராய்வதும், அவ்வெழுத்தில் காணப்பெறாத ஒரு சிறு குறி தமிழ்ச் செய்யுளுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

எழுத்து பிறந்த சூழல்

பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். அவர்க்குச் சமயக் கல்வி புகட்ட வந்த போர்ச்சுக்கீசியத் துறவியருக்கு மொழியே முதல் தடையாயிற்று. அத்தடையைக் கடக்க எழுந்த முதல் முயற்சி 1554இல் இலிசுபன் நகரில் அச்சிடப்பெற்ற சிறு போதக நூலாகும். அதில் மொழி தமிழ், எழுத்தோ உரோமன். தமிழ் அச்சேறிவிட்டது, தமிழெழுத்து இன்னும் ஏறவில்லை. நெடுங்காலம் கற்றோர் கவனத்திற்கு வாராதிருந்த இந்நூலைத் தமிழுலகிற்கு அறிமுகப்படுத்திய பெருமை தனிநாயகம் அடிகளாரைச் சாரும்.

ணகர னகர நகரங்களையும் லகர ளகர ழகரங்களையும் வேறுபடுத்தும் மொழியை அயல் நெடுங்கணக்கிற்குள் அடைப்பது எளிதன்று. மேலும் அந்நூல் தமிழ் கற்கும் அயலவர்க்குப் பயன்படுமேயன்றித் தமிழ் மட்டும் அறிந்த கடற்கரை மக்களுக்குப் பயன்படாது. தமிழரைத் தமிழால் அடைய வேண்டுமெனில் தமிழெழுத்தே வேண்டும் என்னும் தெளிவு அடுத்த கால் நூற்றாண்டில் உண்டாயிற்று.

அத்தெளிவிற்கு உரியவருள் தலையாயவர் என்றிக்கே என்றிக்கசு அடிகளார். 1520இல் போர்ச்சுக்கலில் பிறந்து 1546இல் இந்தியா வந்து, 1600இல் மறையும்வரை பெரும்பாலும் முத்துக்குளித்துறையிலேயே வாழ்ந்தவர் அவர். தமிழைப் பேசவும் எழுதவும் கற்றுத் தமிழுக்கு இலக்கணக் குறிப்பொன்றும் போர்ச்சுக்கீசிய மொழியில் வரைந்தார். கடற்கரை மக்கள் அவரை அண்டிறீக்கிப் பாதிரியார் என வழங்கினர்.

அச்சுப்பொறி 1556இல் கோவாவிற்கு வந்தது. அது அபிசீனியாவிற்கென அனுப்பப்பட்ட பொறி. வழியில் கோவாவில் தங்கி அங்கேயே நிலைத்துவிட்டது. பொறி வந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னரே தமிழெழுத்து வார்க்கப்பட்டது. பொறி எம்மொழிக்கும் பொது. எழுத்தோ ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே செய்யப்பட வேண்டியது. அச்சின் வரலாற்றில் கடினமான பகுதி பொறியன்று, எழுத்தே என்பதை இவ்விருபதாண்டு இடைவெளி உணர்த்துகிறது.

கோவாவும் கொல்லமும்

முதல் தமிழ் எழுத்துகளை 1577இல் கோவாவில் உருவாக்கியவர் சேசு சபையைச் சேர்ந்த துணைத்துறவி சுவாம் கொன்சால்வசு என்பார். அவை போதிய நிறைவளிக்கவில்லை போலும். மறு ஆண்டே சுவாம் தெ ஃபாரியா என்னும் மற்றொரு சபையினர் கொல்லத்தில் புதிய எழுத்துகளை வார்த்தார். தம்பிரான் வணக்கம் இவ்வெழுத்துகளைக் கொண்டே அச்சாயிற்று. அச்சுப்பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் பொருளுதவி புரிந்தனர் என்பது ஈண்டு மறவாது கூறத்தக்கது. செதுக்கிய கை அயலவர் கையாயினும், செலவில் ஒரு பங்கு தமிழ் மீனவர் உழைப்பிலிருந்து வந்தது.

அக்கால ஐரோப்பிய முறைப்படி ஓர் எழுத்தை வார்ப்பதற்கு மூன்று படிநிலைகள் உண்டு. முதலில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தின் வடிவைத் திருப்பிச் செதுக்க வேண்டும். அம்முனையைச் செம்புத் தகட்டில் அடித்துப் பள்ளமான அச்சுரு பெற வேண்டும். பின்னர் அவ்வச்சுருவில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி வேண்டிய அளவு எழுத்துகளை வார்த்துக் கொள்ளலாம். மூன்றாம் படிநிலை விரைவானது. முதற்படிநிலையோ ஓர் எழுத்திற்கே பல நாள் உழைப்பை வேண்டுவது.

உரோமன் எழுத்திற்குச் சிறியதும் பெரியதுமாய் ஐம்பதுக்குச் சற்றேறக்குறைய வடிவங்கள் போதும். தமிழுக்கு அவ்வாறன்று. உயிர் பன்னிரண்டும் அகரம் ஏறிய மெய் பதினெட்டும் முப்பது. இகர ஈகார உகர ஊகாரங்கள் மெய்யோடு ஒட்டி வடிவை மாற்றுவன ஆதலின் அவற்றிற்கு எழுபத்திரண்டு. கொம்பும் காலும் ஐகாரக் குறியும் தனித்தனியே கோக்கத்தக்கன. இவற்றையன்றிச் சில எழுத்துகள் ஆகாரத்தோடும் ஐகாரத்தோடும் பிணைந்து தனி வடிவம் பெறும். எல்லாம் கூட்டின் எண்ணிக்கை நூற்றினைக் கடந்துவிடும். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத கைவினைஞர் இத்துணை வடிவங்களையும் தலைகீழாய்ச் செதுக்கினர் என்பதை எண்ணும்போது இறுதிப் பக்கத்துப் பெருமிதம் நியாயமானதே எனத் தோன்றும்.

ஓலையின் சாயல்

கொல்லத்து எழுத்து எவ்வடிவைப் பின்பற்றியது? அக்காலத்தில் தமிழ் வாழ்ந்த இடம் பனையோலை. கல்வெட்டு, செப்பேடு ஆகியன அரசர்க்கும் கோயிலுக்கும் உரியன. நாள்தோறும் எழுதவும் படிக்கவும் பயன்பட்டது ஓலையே. வார்ப்பு வினைஞர்க்கு மாதிரியாய்க் கிடைத்ததும் ஓலையெழுத்தே. கீறலுக்கு இசைந்து வளைந்த அதன் உருவத்தை அவர் ஈயத்தில் பதித்தனர். ஓலையின் வழக்கங்களும் உருவத்தோடு சேர்ந்தே ஈயத்தில் குடிபுகுந்தன. அவற்றுள் முதன்மையானது மெய்யெழுத்திற்குப் புள்ளியிடாமை.

இலக்கணம் இதற்கு மாறானது. மெய் புள்ளியோடு நிற்கும் என்பது தொல்காப்பியர் விதி. எகர ஒகரக் குறில்களும் அவ்வாறே புள்ளி பெறும் என்பதும் அவர் கூறுவதே. சில பழைய கல்வெட்டுகளில் புள்ளி காணப்படுவதால் இவ்விதி ஏட்டளவில் நின்றதன்று என்பது தெளிவு. ஆயினும் ஓலையில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும் என்னும் அச்சத்தால் விடுத்தனர் என்பது பலரும் கூறும் காரணம். தேர்ந்த படிப்பாளிக்குப் புள்ளி வேண்டுவதில்லை என்னும் எண்ணமும் அதற்குத் துணையாயிருத்தல் கூடும்.

ஈயத்திற்கோ துளையும் அச்சம் இல்லை. 'கி', 'தீ' முதலியவற்றின் மேல்வளைவுகளைச் செதுக்க வல்ல கைக்கு ஒரு புள்ளியைச் செதுக்குவது இயலாததன்று. பதினெட்டு வடிவங்கள் மிகும் என்பது உண்மையே. எனினும் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் செய்தோர்க்கு அது கடக்கவொண்ணாத தடையாகாது. ஆகவே புள்ளியின்மைக்குக் கருவியின் குறையைக் காரணமாகக் காட்ட இயலாது. அக்காலத் தமிழர் எழுதியவாறே அவர் எழுதினர். படிப்போர் கண்ணுக்குப் பழகிய வடிவையே தருதல் வேண்டும் என்னும் நோக்கம் நூலின் பெயரிலும் தெரிகிறது. 'தம்பிரான்' என்பது சைவ உலகில் இறைவனைக் குறிக்க வழங்கிய சொல். புதிய சமயத்தின் நூலுக்கு மக்கள் நாவில் இருந்த சொல்லைத் தெரிந்தெடுத்தவர், எழுத்திற்கும் மக்கள் கண்ணில் இருந்த வடிவையே தெரிந்தெடுத்தார். ஆண்டுகள் நூறு செல்லினும் தமிழ் அச்சு ஓலையின் நிழலிலேயே நடந்தமைக்கு இத்தேர்வே தொடக்கமாகும்.

செய்யுளும் புள்ளியும்

புள்ளியில்லா எழுத்தின் விளைவைச் செய்யுள் இயற்றுவோர் நன்கு உணர்வர். ஓலை வழக்கில் எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடில்லை. ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. இம்மூன்றோடு புள்ளியின்மையும் சேரும்போது சொற்கள் ஒன்றன் உருவில் ஒன்று ஒளிந்து கொள்கின்றன. எரியும் ஏரியும் ஓருருவாய் நிற்கும்; தீ எது, நீர் எது என்பதை இடம் நோக்கியே அறிதல் வேண்டும்.

'கொள' என நான்கு குறிகளால் எழுதப்பட்ட ஒரு சொல்லை எடுத்துக் கொள்வோம். அதனைக் 'கொள' எனப் படிக்கலாம், 'கொள்' எனலாம், 'கோள்' எனலாம், 'கோள' எனலாம், காலை ரகரமாகக் கொண்டால் 'கேரள' என்றும் படிக்கலாம். பொருள் மட்டுமன்றி யாப்பும் இவற்றால் மாறும். 'கொள' இணைக்குறில் ஆதலின் நிரையசை. 'கொள்' குறிலும் ஒற்றும் ஆதலின் நேரசை. 'கோள்' நெடிலும் ஒற்றும் சேர்ந்த நேரசை. 'கோள' நேர்நேர். 'கேரள' நேர்நிரை. ஒரே வடிவிலிருந்து ஓரசையும் ஈரசையும் பிறக்கின்றன, சீர் மாறுகிறது, சீர் மாறத் தளையும் மாறுகிறது.

அங்ஙனமாயின் நம் முன்னோர் செய்யுளைப் பிழையின்றிப் படித்தது எங்ஙனம்? அவர் கண்ணால் மட்டும் படிக்கவில்லை என்பதே விடை. ஆசிரியர் ஓதக் கேட்டு மனத்தில் பதித்த பின்னரே ஓலை கைக்கு வந்தது. அறிந்த பாட்டை நினைவூட்டும் துணையாகவே ஏடு பயன்பட்டது. யாப்பறிவும் அதற்குக் கைகொடுத்தது. வெண்டளை பிறழாது நடக்கும் பாடலில் ஓரிடத்துப் படிப்புப் பிழைத்தால் ஓசை தட்டும். தட்டிய செவி திருத்திக் கொள்ளும். மெய்யின் மேல் இடப்படாத புள்ளியைப் படிப்பவரின் குரலே இட்டது. செய்யுளிலக்கணம் அழகுக்கு அமைந்தது மட்டுமன்று, வாசிப்பைக் காக்கும் வேலியுமாயிற்று என்பதைப் புள்ளியில்லா எழுத்தே நமக்குக் காட்டுகிறது.

தம்பிரான் வணக்கமோ உரைநடை நூல். ஓசை தட்டித் திருத்தும் வேலி உரைநடைக்கு இல்லை. மேலும் அந்நூற்செய்திகள் பழகிய கதைகளல்ல. புதிய சமயத்தின் புதிய கருத்துகள். போர்ச்சுக்கீசியத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்த கேட்டறியாப் பெயர்களும் இடையிடையே உண்டு. அறிந்ததை நினைவூட்ட அமைந்த எழுத்தால் அறியாததைக் கற்பிக்க முற்பட்ட முதல் தமிழ் நூல்களுள் அது ஒன்று. கோயிலில் கூடியிருப்போர்க்கு ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் முறை நிலவியமையால் இடர் ஓரளவு குறைந்திருக்கும். எனினும் புள்ளியின் தேவை உரைநடையின் வளர்ச்சியோடு சேர்ந்தே வளரும் என்பதற்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

வழியற்றுப் போன எழுத்து

தம்பிரான் வணக்கத்தைத் தொடர்ந்து 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1580இல் பாவ அறிக்கை முறையைக் கூறும் நூலொன்று வெளிவந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் அக்காலத் தமிழ் அச்சின் பெரும் சாதனை. கடற்கரைத் தமிழரின் பேச்சுமொழியை நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்த கருவூலமாக மொழியியலார் அதனைப் போற்றுவர்.

அதன் பின்னர் இவ்வெழுத்து மரபு நின்றுபோயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்பலக்காட்டில் தமிழ் மீண்டும் அச்சேறியபோது அங்குள்ளோர் கொல்லத்து அச்சுருக்களைப் பயன்படுத்தவில்லை. அந்தாம் தெ புரோவென்சா தொகுத்த தமிழ் போர்ச்சுக்கீசிய அகராதி 1679இல் அங்கு வெளிவந்தது. அதற்கான எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்னேசியசு ஆச்சாமணி என்னும் உள்நாட்டுக் கைவினைஞர் எனப் பவுலினுசு பாதிரியாரின் குறிப்பு கூறுகிறது. தமிழ் அச்செழுத்தைச் செய்த உள்நாட்டாருள் பெயர் தெரிய வருபவர் இவரே. கோவாவிலும் கொல்லத்திலும் உடனிருந்து ஓலை எழுதிக் காட்டிய தமிழர் எவர் பெயரும் இறுதிப் பக்கத்தில் இடம்பெறவில்லை. அந்த அகராதியின் படி உரோமை வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டு, தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் நிழற்பதிப்பாய் வெளிவந்தது.

மூன்றாம் தொடக்கம் தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு ஐயருக்கென 1713இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழெழுத்துகள் வந்தன. தமிழகத்திலிருந்து சென்ற கையெழுத்து மாதிரிகளைப் பார்த்துத் தமிழ் அறியாதோர் செதுக்கியவை அவை. அவ்வெழுத்துகள் அளவில் பெரியன; தாளை மிகுதியாய் விழுங்கின. எனவே புதிய ஏற்பாட்டை அச்சிடும் பணி நடக்கும்போதே தரங்கம்பாடியில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அதற்கு ஈயம் போதாமையால் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கிப் பயன்படுத்தினர் என மிசன் வரலாறு கூறும். 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது.

கொல்லத்தில் ஈயம், அம்பலக்காட்டில் மரம், ஆலேயிலும் தரங்கம்பாடியிலும் மீண்டும் ஈயம் எனத் தமிழ் அச்செழுத்து ஒன்றேகால் நூற்றாண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்துள் மும்முறை பிறந்தது. ஒன்றற்கொன்று பெற்றோரும் பிள்ளையும் அல்ல. ஒவ்வொன்றும் ஓலையிலிருந்து நேரே பிறந்தது. அதனால் முன்னவர் கற்ற பாடம் பின்னவர்க்குச் சென்று சேரவில்லை. மூன்று தொடக்கங்களுக்கும் பொதுவாய் நின்றவை ஓலையின் வளைவுகளும், ஓலை வழக்கிலிருந்து வந்த புள்ளியின்மையும் ஆகும்.

புள்ளியின் மீட்சி

எழுத்தின் தெளிவைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் வீரமாமுனிவர். 1728இல் இயற்றப்பெற்று 1738இல் தரங்கம்பாடியில் அச்சான அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தில் குறில் நெடில் குழப்பத்திற்கு அவர் கண்ட தீர்வு இடம்பெற்றுள்ளது. தொல்காப்பிய மரபு குறிலுக்குப் புள்ளியிட்டு வேறுபடுத்தச் சொன்னது. முனிவர் அதனைத் திருப்பினார். குறிலை வாளா விடுத்து, நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து எழுதும் முறையைக் காட்டினார். புள்ளி ஓலையில் நில்லாது மறைந்துபோகும் என்பதை அறிந்தவர் மறையாத சுழியை நாடினார் எனக் கொள்ளலாம். இன்று தமிழர் எவரும் எண்ணிப் பாராது இடும் இரட்டைச்சுழிக் கொம்பு அவ்வகையில் வந்து சேர்ந்ததே.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி சென்னை வேப்பேரியில் பெப்ரிசியசு ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1779இல் அங்கு வெளிவந்தது. 1835இல் அச்சுத்தொழில் மீதிருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. உள்நாட்டார் தடையின்றி அச்சகம் நடத்தும் காலம் பிறந்தது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தம் அச்சகத்தை நிறுவிப் பிழையற்ற பதிப்பிற்கும் நிறுத்தக் குறியீடுகளுக்கும் இலக்கணமாய் விளங்கினார். சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் அண்டு என்பார் சிறிய அளவில் தெளிந்த எழுத்துகளை உருவாக்கினார்; 1862இல் வந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் வெளியீடே. இக்காலத்தில் புள்ளி அச்சில் நிலைபெற்றது.

அதன் விளைவு செய்யுட் பதிப்பில் புலனாயிற்று. ஓலையைப் படி எடுப்பவர் புள்ளியில்லாச் சொல்லைப் புள்ளியின்றியே எழுதிச் செல்லலாம். ஐயம் அடுத்தவர்க்குப் போகும். அச்சிற்குக் கொடுக்கும் பதிப்பாசிரியர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. 'கொள்' என்றோ 'கோள்' என்றோ ஒன்றைத் துணிந்தாக வேண்டும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் இட்ட ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆராய்ச்சி முடிவாகும். பல்லாயிரம் வரிகளில் பல்லாயிரம் முறை அவர் யாப்பையும் உரையையும் வழக்கையும் ஒப்பிட்டு முடிவு கண்டனர். இன்று நாம் சங்கப் பாடலொன்றைத் தடையின்றிப் படிக்கும்போது நமக்குமுன் ஒருவர் தடைப்பட்டு நின்று வழி திறந்திருக்கிறார் என்பதை நினைத்தல் தகும்.

இம்மாற்றம் தந்த பேறு பெரிது. ஆசிரியரை அடுத்து ஓதிக் கற்க வாய்ப்பற்றோரும் செய்யுளைத் தாமே படிக்கலாயினர். குருகுலத்து வாயில்கள் யார்க்குத் திறந்தன, யார்க்குத் திறக்கவில்லை என்பதை அறிவோர் இதன் அருமையை உணர்வர். பெண்டிர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் புள்ளியிட்ட அச்சுநூல் ஆசிரியர் இன்றியே நின்று கற்பித்தது. இழப்பும் இல்லாமலில்லை. புள்ளி தாளுக்கு வந்ததும் குரலின் கடமை குறைந்தது. ஓசை தட்டுவதைக் கேட்டுத் திருத்தும் செவி மெல்லப் பழக்கம் இழந்தது. செய்யுள் கேட்கப்படும் பொருளாயிருந்த நிலை மாறிப் பார்க்கப்படும் பொருளாயிற்று. வரியை உடைத்தும் இடம் விட்டும் பொருளுணர்த்தும் புதுக்கவிதை பிறப்பதற்கும், சீர் பிரித்து ஓதத் தெரியாத தலைமுறை வருவதற்கும் இம்மாற்றமே களம் அமைத்தது.

நானூறு ஆண்டுகளுக்குப் பின்

1578இல் வார்த்த வடிவங்களுள் மெய்யெழுத்துகள் புள்ளியைப் பெற்று மாறின. கொம்பு சுழி பெற்று மாறியது. ஆகார ஐகாரப் பிணைப்பு வடிவங்கள் நெடுங்காலம் மாறாதிருந்தன. அவற்றையும் சீராக்க வேண்டும் எனப் பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் எழுதியும் அச்சிட்டும் காட்டினார். தமிழ்நாட்டரசு அச்சீர்திருத்தங்களுட் பலவற்றை ஏற்று ஆணையிட்ட ஆண்டு 1978. தம்பிரான் வணக்கம் அச்சாகிச் சரியாக நானூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. றா, னை போன்றவற்றின் பழைய பிணைப்பு வடிவங்கள் நீங்கி, காலும் ஐகாரக் குறியும் எல்லா மெய்க்கும் ஒரே நிலையில் அமைந்தன. செதுக்க வேண்டிய வடிவங்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

ஈயம் மறைந்து கணிப்பொறி வந்த பின்னும் புள்ளியின் கதை முடியவில்லை. 1991இல் உருவான ஒருங்குறி முறையில் தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் அகரம் ஏறிய ககரத்திற்கே இடமுண்டு. 'க்' என்னும் மெய்க்குத் தனியிடம் இல்லை. ககரத்தை முன்வைத்து அதன்பின் புள்ளியை வேறு குறியாகச் சேர்த்தே மெய்யைப் பெறுகிறோம். மெய்யே முதல், உயிர் சேர்ந்தே உயிர்மெய் என்பது தமிழிலக்கணம். உயிர்மெய்யே முதல், புள்ளி சேர்ந்தே மெய் என்பது பொறியின் கணக்கு. இம்முரண்பற்றி அறிஞரிடையே வாதங்கள் எழுந்தன. ஒவ்வோர் எழுத்திற்கும் தனியிடம் தரும் குறியீட்டு முறையொன்றையும் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. புள்ளி எழுத்தின் உறுப்பா, எழுத்தின்மேல் வந்தமரும் குறியா என்னும் வினா கொல்லத்தில் கேட்கப்படாமலே விடப்பட்டது; அது இன்றும் உயிரோடிருக்கிறது.

தம்பிரான் வணக்கத்தின் படியொன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அடியார் வரலாற்றை இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் மறுபதிப்புச் செய்தார். மறுபதிப்புகள் சொற்களைத் தருகின்றன. எழுத்தின் உருவைக் காண நிழற்படிகளே துணை. அவற்றைத் தமிழ் பயிலும் மாணவர் ஒருமுறையேனும் கண்ணால் காணவும், புள்ளியில்லா வரியை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவும் கல்லூரிகளும் இலக்கிய வட்டங்களும் வழிசெய்தல் வேண்டும். அவ்வாறு படிப்பவர் முதல் வரியிலேயே தடுமாறுவர். இரண்டாம் முறை படிக்கையில் குரல் தானே புள்ளியைத் தேடி இடத் தொடங்கும். பாட்டைச் செவியால் எழுதிய தலைமுறைகள் பெற்றிருந்த அப்பயிற்சியைக் கவிதை எழுதும் கையும் அப்போது சிறிதளவு பெறும்.